ஐம்பது டன்னிலிருந்து சட்டைப்பை வரை: டாக்-ஆம்ப் வாங்கும் முன் கொஞ்சம் வரலாறு

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிறு காலைக் காபியோடு நிதானமாகப் படியுங்கள்.

புதுப் போன்களில் ஹெட்போன் செருகும் துளை இல்லாமல் போனதிலிருந்து, "சார், கையடக்கமா ஒரு டாக்-ஆம்ப் வாங்கலாம்னு இருக்கேன், எதை வாங்கட்டும்?" என்று உங்களில் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய விளம்பரங்களையும் பார்த்தேன். 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ், இரட்டை சிப் என்று எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன. விலையும் கூடவே ஏறுகிறது. சிலருடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தொடுகிற பொருளும் அதில் இருக்கிறது.

எந்த மாடல் வாங்கலாம் என்று நான் சொல்லப்போவதில்லை. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்கிறேன். அது தெரிந்துவிட்டால் மாடலை நீங்களே தேர்ந்தெடுத்துவிடுவீர்கள்.

முதலில் ஒரு விளக்கம். அந்தச் சின்னப் பெட்டிக்குள் இரண்டு வேலை நடக்கிறது. போனில் பாட்டு என்பது வெறும் எண் வரிசை. அந்த எண்களை ஏறி இறங்கும் மின்னலையாக மாற்றுவது டி.ஏ.சி., பேச்சுவழக்கில் 'டாக்'. அந்த மின்னலைக்கு ஹெட்போனை அசைக்கும் தெம்பைக் கொடுப்பது ஆம்ப்ளிஃபயர். இரண்டுக்கும் தனித்தனி வரலாறு உண்டு. ஒன்று ஏறக்குறைய முடிந்துபோன கதை. இன்னொன்று உங்கள் ஹெட்போனைப் பொறுத்து இன்னும் முடியாத கதை.

எண்களின் கதையை எடுத்துக்கொள்வோம்.

1937-இல் பாரிஸில், ஐ.டி.டி. நிறுவனத்தின் ஆய்வகத்தில் அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் தொலைபேசி பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். தூரத்துக்குப் போகும் குரல் வழியில் வலுவிழக்கும். இடையிடையே பெருக்கி அனுப்ப வேண்டும். ஆனால் பெருக்கும்போது குரலோடு இரைச்சலும் சேர்ந்தே பெருகும். வகுப்பில் முதல் பெஞ்சில் ஒரு படத்தைக் கொடுத்து, ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்து வரையச் சொன்னால் கடைசி பெஞ்சில் யானை எருமையாகியிருக்கும். அதே பெஞ்சுகளில் ஓர் எண்ணைக் கொடுத்து எழுதி அனுப்பச் சொன்னால், கையெழுத்து எவ்வளவு கோணலாக இருந்தாலும் 4,705 கடைசிவரை 4,705-தான். குரலைப் படமாக அனுப்பாமல் எண்ணாக அனுப்பலாம் என்பதே ரீவ்ஸின் யோசனை. 1938-இல் பிரான்ஸில் காப்புரிமைக்குப் பதிந்தார். வால்வு காலத்தில் அதைச் செய்யும் கருவி கட்டுப்படியாகவில்லை. டிரான்சிஸ்டர் வரும்வரை அந்த யோசனை காத்திருக்க வேண்டியிருந்தது.

செலவைப் பற்றிக் கவலைப்படாத ஒரே வாடிக்கையாளர் போர்தான். இரண்டாம் உலகப் போரின்போது லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் இடையே தலைவர்கள் ஒட்டுக்கேட்கப்படாமல் பேச, அமெரிக்காவின் பெல் ஆய்வகம் 'சிக்சாலி' என்ற கருவியைக் கட்டியது. 1943 ஜூலையில் அது வேலைக்கு வந்தது. குரலைப் பத்துப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வலிமையையும் நொடிக்கு 50 முறை அளந்து, ஆறு படிகளில் ஒன்றாகக் குறித்து அனுப்பியது. வெறும் ஆறு படிகள். அதற்கே ஒரு நிலையத்தின் எடை 50 டன்னுக்கு மேல். லண்டனில் அதை வைக்க செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடையின் இணைப்புக் கட்டடத்து நிலவறை தேவைப்பட்டது. இன்று உங்கள் சட்டைப்பையில் கிடக்கும் டாக்கின் கொள்ளுப்பாட்டன் அதுதான்.

எத்தனை முறை அளந்தால் போதும் என்ற கேள்விக்குக் கணிதம் ஏற்கெனவே விடை தேடிக்கொண்டிருந்தது. 1928-இல் ஹாரி நைக்விஸ்ட் ஒரு பகுதியைச் சொன்னார். 1933-இல் சோவியத் ஒன்றியத்தில் கோட்டெல்னிகோவ் முழுமையாக எழுதினார். 1949-இல் கிளாட் ஷானன் வெளியிட்ட கட்டுரை அதை உலகமெங்கும் கொண்டுசேர்த்தது. விதி இதுதான்: ஓர் அலையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல இரண்டு மடங்குக்கு மேல் மாதிரி எடுத்தால், அந்த அலையை முழுமையாகத் திரும்பப் பெறலாம். இதில் 'கிட்டத்தட்ட' என்ற சொல் கிடையாது. "டிஜிட்டல் என்றால் படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்ட அலைதானே?" என்று கேட்பவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள். டாக்கின் கடைசியில் இருக்கும் வடிகட்டி அந்தப் படிக்கட்டை நீக்கிவிடுகிறது. வெளியே வருவது வழவழப்பான அலைதான்.

நல்ல காதுள்ள இளைஞருக்குக் கேட்கும் மேல் எல்லை ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ். இரண்டு மடங்கு 40,000. வடிகட்டிக்குக் கொஞ்சம் இடம் விட வேண்டும். ஆனால் சி.டி.-யில் 44,100 என்ற வினோதமான எண் எப்படி வந்தது? அன்றைக்கு இவ்வளவு எண்களைச் சேமிக்க எளிதில் கிடைத்த கருவி வீடியோ டேப் ரிக்கார்டர். எனவே ஒலியின் எண்களைத் தொலைக்காட்சிப் படத்தின் கோடுகளில் ஒளித்து வைத்தார்கள். ஜப்பான், அமெரிக்க முறையில் நொடிக்கு 60 புலங்கள், புலத்துக்குப் பயன்படும் 245 கோடுகள், கோட்டுக்கு 3 மாதிரிகள்: பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 50 புலங்கள், 294 கோடுகள், 3 மாதிரிகள்: அதுவும் 44,100. இரண்டு உலகத்துக்கும் பொருந்திய எண் என்பதால் அது நிலைத்தது. நோட்டை எடுத்துப் பெருக்கிப் பாருங்கள்.

அடுத்து பிட் சண்டை. சி.டி.-யைச் சேர்ந்து உருவாக்கிய பிலிப்ஸ், சோனி இரண்டில், பிலிப்ஸ் 14 பிட் போதும் என்றது. அவர்களிடம் 14 பிட் டாக் சிப் தயாராக இருந்தது. சோனி 16 என்றது. 16 வென்றது. 16 பிட் என்றால் 65,536 படிகள். சிக்சாலியின் ஆறு படிகளை நினைத்துக்கொள்ளுங்கள். மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே ஏறக்குறைய 96 டெசிபல் இடைவெளி கிடைக்கிறது. நடுராத்திரி வீட்டு அமைதிக்கும் காது வலிக்கும் சத்தத்துக்கும் இடைப்பட்ட தூரம் அது.

இங்கேதான் எனக்குப் பிடித்த திருப்பம். 1982 அக்டோபர் 1 அன்று சோனியின் சி.டி.பி.-101 ஜப்பானில் கடைக்கு வந்தது. விலை 1,68,000 யென். 16 பிட் டாக் அவ்வளவு அரிதான பொருள் என்பதால், ஒரே ஒரு டாக்கை வைத்து இடது வலது இரண்டு காதுக்கும் மாற்றி மாற்றி வேலை வாங்கினார்கள். பிலிப்ஸ் பொறியாளர்களிடம் இருந்ததோ 14 பிட் சிப். அவர்கள் சோர்ந்துவிடவில்லை. அதை நான்கு மடங்கு வேகத்தில், நொடிக்கு 1,76,400 முறை ஓட்டினார்கள். பிழையைக் காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் பக்கம் தள்ளிவிட்டார்கள். 14 பிட் சிப்பிலிருந்து 16 பிட் தரம் வந்துவிட்டது. சில ஆண்டுகளில் இந்த உத்தியை இன்னும் நீட்டி, ஒரே ஒரு பிட்டை மிக மிக வேகமாக ஓட்டும் சிப்புகளும் வந்தன. பெட்டி மேலே அச்சிட்ட எண் பெரிதாக இருந்தால் ஒலி சிறப்பாக இருக்கும் என்ற நம்பிக்கை 1980-களிலேயே உடைந்துவிட்டது.

24 பிட் தேவையில்லையா என்று கேட்பீர்கள். பதிவு செய்யும் ஸ்டூடியோவுக்குத் தேவை. பாடகர் திடீரென்று உரக்கப் பாடினாலும் பதிவு கெடாமல் இருக்க அந்தக் கூடுதல் இடம் உதவும். கேட்பதற்கு? 24 பிட் கணக்குப்படி 144 டெசிபல் வேண்டும். மின்தடைகளில் அறை வெப்பத்தாலேயே எழும் இரைச்சல் அதற்கு முன்பே குறுக்கே வந்துவிடும். 2007-இல் மேயர், மோரன் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினார்கள். உயர்தர வட்டுகளை அப்படியே ஒருமுறையும், சி.டி. தரத்துக்குக் குறைத்து ஒருமுறையும் மறைத்துப் போட்டுக் காட்டினார்கள். கேட்டவர்கள் சரியாகச் சொன்னது ஏறக்குறைய பாதி முறை. நாணயத்தைச் சுண்டிப் போட்டாலும் அதே பாதிதான் கிடைக்கும்.

சிப்பின் பெயரைப் பற்றியும் ஒரு செய்தி. 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோகா நகரில் ஏ.கே.எம். நிறுவனத்தின் சிப் தொழிற்சாலை தீப்பிடித்தது. அணைக்க நாள்கணக்கானது. உலகின் பெயர்பெற்ற டாக் சிப்புகளில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்தது. பல நிறுவனங்கள் தங்கள் கருவிகளை வேறு நிறுவனச் சிப்புகளுக்கு மாற்றி வடிவமைத்து விற்றன, இசை நின்றுவிடவில்லை. இன்று எந்த நல்ல சிப்பும் காதின் எல்லையைத் தாண்டிவிட்டது. அதைச் சுற்றி எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பதே பார்க்க வேண்டியது.

இனி ஆம்ப்ளிஃபயரின் கதை. இதுதான் முடியாத கதை. இதற்கு ஓம் விதி மட்டும் ஞாபகம் இருந்தால் போதும்.

1910-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியல் பால்ட்வின் என்பவர் தன் வீட்டுச் சமையலறையில் ஹெட்போன் செய்து கடற்படைக்கு அனுப்பினார். சோதித்த கடற்படை அசந்துபோய் ஆர்டர் கொடுத்தது. அன்றைய ரேடியோவில் பேட்டரியே இல்லாமல் ஒரு சிறு படிகத்தை வைத்துக் கேட்பது வழக்கம். காற்றில் வரும் துளி மின்சாரம்தான் மொத்த சக்தி. அவ்வளவு சிறிய மின்னோட்டத்திலும் காந்தம் அசைய வேண்டுமென்றால் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்ற வேண்டும். அதனால் அந்தக் கால ஹெட்போன்களின் இம்பீடன்ஸ் ஆயிரக்கணக்கான ஓம். (இம்பீடன்ஸ் என்பதை இப்போதைக்கு மின்தடை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.)

1958-இல் ஜான் காஸ் அமெரிக்காவில் ஸ்டீரியோ ஹெட்போனை வீட்டுக்குள் கொண்டுவந்தார். 1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் வெளியிட்ட எச்.டி. 414 பெரும் வெற்றி பெற்றது. அதன் இம்பீடன்ஸ் 2,000 ஓம். வீட்டு மின்சாரத்தில் ஓடும் பெரிய ஆம்ப்ளிஃபயரில் மின்னழுத்தத்துக்குப் பஞ்சமில்லை, அதனால் யாருக்கும் சிரமம் இல்லை.

1979 ஜூலை 1 அன்று சோனி வாக்மேன் வந்தது. எல்லாமே மாறியது. அதன் உணவு இரண்டு பென்சில் பேட்டரி, அதாவது 3 வோல்ட். அலை மேலும் கீழும் ஆட வேண்டும் என்பதால் அதிலிருந்து ஏறக்குறைய 1 வோல்ட் சராசரி அளவுதான் கிடைக்கும். இப்போது கணக்குப் போடுங்கள். திறன் = மின்னழுத்தத்தின் வர்க்கம் ÷ மின்தடை. 1 வோல்ட்டை 2,000 ஓமில் கொடுத்தால் அரை மில்லிவாட். 32 ஓமில் கொடுத்தால் 31 மில்லிவாட். அறுபது மடங்கு! அதனால் கையில் தூக்கிச் செல்லும் கருவிகளுக்கான ஹெட்போன்கள் எல்லாம் குறைந்த ஓமுக்கு வந்தன. ஸ்டூடியோக்காரர்கள் பழைய உயர் ஓமிலேயே இருந்தார்கள். ஜெர்மனியின் பேயர்டைனமிக் ஒரே டி.டி. 990 ஹெட்போனை 32, 250, 600 ஓம் என்று மூன்று விதமாக விற்றிருக்கிறது.

எனவே உங்கள் ஹெட்போனில் எழுதியிருக்கும் ஓம் என்பது அது எந்தக் கருவிக்காகப் பிறந்தது என்று சொல்லும் முகவரி. முகவரி மாறிப்போன இடங்களில்தான் கையடக்க ஆம்ப்ளிஃபயர் பிறந்தது. 1990-களில் சூ மோய் என்பவர், ஒரு சிறு சிப், ஒரு 9 வோல்ட் பேட்டரி, சில உதிரிபாகங்கள் கொண்ட எளிய வரைபடத்தை எல்லாருக்கும் கொடுத்தார். உலகெங்கும் ஆர்வலர்கள் அதைப் பெப்பர்மின்ட் மிட்டாய் டப்பாவுக்குள் கட்டிக்கொண்டார்கள். சாலிடரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த பள்ளிப் பையனும் செய்யக்கூடிய ஆம்ப்ளிஃபயர் அது.

2011-இல் தன் பெயரையே சொல்லாத ஒரு பொறியாளர் 'ஓ2' என்ற ஆம்ப்ளிஃபயரின் முழு வடிவமைப்பையும் அளவுகளோடு இலவசமாக வெளியிட்டார். விலையுயர்ந்த கருவிகளோடு அளவில் நேருக்கு நேர் நின்றது அது. அடுத்த ஆண்டே அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். யாரென்று உலகுக்குத் தெரியாமலே போய்விட்டார். அவர் அழுத்திச் சொன்ன ஒரு விதியை மட்டும் நீங்கள் மனப்பாடம் செய்யுங்கள்: ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு இம்பீடன்ஸ், ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது.

ஏன்? உள்ளே சிறிய ஸ்பீக்கர்கள் பல வைத்த இயர்போன்களில் ஓம் நிலையாக இருக்காது. ஒரு சுரத்துக்கு 8 ஓம், இன்னொரு சுரத்துக்கு 40 ஓம் என்று மாறும். ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் 10 ஓம் இருந்தால், மின்னழுத்தம் இரண்டுக்கும் நடுவே பங்கு பிரியும். முதல் சுரத்துக்கு 18-இல் 8 பங்கு, இரண்டாவதற்கு 50-இல் 40 பங்கு. வித்தியாசம் 5 டெசிபல்! பாடகரின் குரல் பின்னால் போய்விடும், அல்லது ஜால்ரா முன்னால் வந்து குதிக்கும். அதே இடத்தில் 1 ஓம் இருந்தால் வித்தியாசம் 1 டெசிபலுக்கும் குறைவு. விளம்பரத்தில் 768 கிலோஹெர்ட்ஸ் பெரிய எழுத்தில் இருக்கும். இந்த 1 ஓம் அல்லது 10 ஓம் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். காதுக்குக் கேட்பது பொடி எழுத்து.

2016 செப்டம்பரில் ஆப்பிள் தன் ஐபோன் 7-இல் ஹெட்போன் துளையை எடுத்துவிட்டது. பிற கம்பெனிகளும் ஒவ்வொன்றாகப் பின்பற்றின. துளைக்குப் பதில் அவர்கள் விற்ற 9 டாலர் இணைப்பு வயர் இருக்கிறதே, அதன் முனையில் ஒரு முழு டாக்கும் ஆம்ப்ளிஃபயரும் ஒளிந்திருக்கின்றன. பிறகு வந்த யு.எஸ்.பி.-சி வகையைக் கருவிகளில் வைத்து அளந்தவர்கள் அதன் சுத்தத்தைப் பார்த்து வியந்தார்கள். அது கொடுப்பது ஏறக்குறைய 1 வோல்ட். ஐரோப்பாவில் விற்கப்படுவது, அங்குள்ள ஒலி அளவு விதிகளால், ஏறக்குறைய பாதி. ஐம்பது டன் சில கிராமுக்கு வந்து சேர்ந்த கதை இது.

இப்போது கடைக்குப் போகலாம்.

1. உங்கள் ஹெட்போன் புளூடூத் வகையா? அப்படியானால் டாக்கும் ஆம்ப்ளிஃபயரும் அதற்குள்ளேயே இருக்கின்றன. தனியாக ஒன்றும் வாங்க வேண்டாம். காசை வைத்துக்கொள்ளுங்கள்.

2. 16 முதல் 50 ஓம் வரையுள்ள சாதாரண வயர் இயர்போனா? நல்ல கம்பெனியின் எளிய இணைப்பு வயரே போதும். வெளியீட்டு இம்பீடன்ஸ் 1 ஓம் அளவில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

3. சின்ன ஒலிக்கும் கூர்மையாகப் பதில் சொல்லும் இயர்போனா? பாட்டில்லாதபோது 'உஸ்ஸ்' என்ற இரைச்சல் கேட்கிறதா என்று சோதியுங்கள். அதிகத் திறன் உள்ள ஆம்ப்தான் இங்கே தொந்தரவு தரும்.

4. 250, 300, 600 ஓம் ஹெட்போனா? இங்கேதான் உண்மையிலேயே ஆம்ப் தேவை. மில்லிவாட்டைக் கேட்காதீர்கள், "அதிகபட்சம் எத்தனை வோல்ட் வரும்?" என்று கேளுங்கள். 2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 4.4 மில்லிமீட்டர் 'பேலன்ஸ்டு' துளை மின்னழுத்தத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும் என்பதால் இவர்களுக்கு அது பயன்படும். மற்றவர்களுக்கு அது அலங்காரம்.

5. திறனை எந்த ஓமில் அளந்தார்கள் என்று எழுதாத விளம்பரத்தை நம்பாதீர்கள்.

6. காசு மிஞ்சினால் நல்ல ஹெட்போனில் போடுங்கள். ஒலியை அதிகம் மாற்றுவது அதுதான்.

கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினேன். உங்களில் பலர் வேலை நேரம் முழுக்க ஹெட்போனோடு இருக்கிறீர்கள்; வீட்டில் பிள்ளைகளும் அப்படியே. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்படி, பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83-இல் 20 மணி, 86-இல் 10, 89-இல் 5, 92-இல் இரண்டரை. 95-இல் வாரம் முழுவதற்கும் ஒன்றேகால் மணி நேரம்தான். குழந்தைகளுக்கு ஆரம்பமே 75.

இரண்டு மடங்கு திறன் என்றால் எத்தனை டெசிபல் தெரியுமா? அதே 3. கூடுதல் காசு கொடுத்து வாங்கும் இரட்டைத் திறனை முழுதாகத் திறந்தால், காதுக்குக் கொஞ்சமே தெரியும் வித்தியாசத்துக்கு நேரத்தில் பாதியை விலையாகக் கொடுக்கிறீர்கள். ஒவ்வொரு காதின் உள்ளேயும் ஏறக்குறைய 15,000 நுண்மயிர்ச் செல்கள் பிறக்கும்போதே கிடைக்கின்றன. மனிதருக்கு அவை மறுபடி வளர்வதில்லை. நூறாண்டு உழைத்து டாக்கைக் காதின் எல்லைக்கு மேலே கொண்டுபோய்விட்டார்கள். அந்த எல்லையைக் கீழே இறக்காமல் பார்த்துக்கொள்வது நம் கையில். எந்தப் பெட்டி வாங்கினாலும், பக்கத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசுவது காதில் விழும் அளவுக்கு வால்யூமை வையுங்கள்.

சந்தேகம் இருப்பவர்கள் ஹெட்போனின் ஓம் எண்ணோடு கீழே எழுதுங்கள். கணக்கை நீங்கள் போடுங்கள், நான் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்